மடி கிழிந்தால் மணி அடிக்கும், வலை அறுந்தால்?

இழுவைமடி கடலுக்கடியில் கிழிந்தால் அது உடனே சுக்கான் அறையில் இருப்பவருக்குத் தெரியவேண்டும். இதற்காக நாற்பது வருஷமாக உலகத்தில் மூளையைக் கசக்கி வேலை செய்கிறார்கள். 1980களிலிருந்து நோர்வேயின் ஸ்கான்மார் போன்ற கொம்பனிகள் மடியில் பொருத்துகிற சென்சர்களைச் செய்து விற்கின்றன. மடியின் வாயை விரித்துப் பிடிக்கும் இரண்டு பலகைகளிலும் ஒவ்வொன்று. அவற்றுக்கிடையே எத்தனை மீற்றர் என்று அது அளக்கும். வாயின் மேல்விளிம்பில் ஒன்று; மடி எவ்வளவு உயரத்துக்குத் திறந்திருக்கிறது என்று சொல்லும். மீன் சேருகிற அடிப்பையில் இன்னொன்று. கண்ணிகள் இழுபட்டு விரிந்ததும் "நிரம்பிவிட்டது" என்று சொல்லும். தண்ணீருக்குள் வானொலி அலை தூரம் போகாது. ஆகவே இவை ஒலியாகப் பேசுகின்றன. படகின் அடியில் உள்ள காது அதைக் கேட்டுத் திரையில் போடுகிறது. மடியை இழுக்கும் இரண்டு கம்பிவடங்களிலும் எவ்வளவு இழுவிசை என்று அளக்கவும் கருவி உண்டு.

இனி மடி கிழிகிறது என்று வையுங்கோ. தண்ணீர் கிழிசலால் வெளியே போகும், இழுவை இலேசாகும், வடத்தில் விசை குறையும். பலகைகள் வழக்கத்தைவிட அகலப் போகும். ஒரு பக்கம் மட்டும் கிழிந்தால் இரண்டு வடமும் இரண்டு கணக்குச் சொல்லும். எவ்வளவு நேரம் இழுத்தாலும் அடிப்பை நிரம்பாது. பாறையில் கொழுவினால் விசை சட்டென்று ஏறும். எண்ணைப் பார்த்துப் பழகிய மாலுமி சில நிமிஷத்தில் விஷயத்தைப் பிடித்துவிடுவார். இல்லாவிட்டால் கிழிந்த மடியை மணிக்கணக்காக இழுத்து, டீசலை எரித்து, கடைசியில் வெறும் மடியைத் தூக்கவேண்டியதுதான்.

நல்ல கண்டுபிடிப்பு. அதில் எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை. எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப்பற்றிக் கதை வந்தபோது, "இப்படியான தொழில்நுட்பம் எங்கட கடலுக்கும் வந்தால் எவ்வளவு முன்னேறலாம்" என்று இரண்டு மூன்று பேர் உற்சாகப்பட்டார்கள். 'ஸ்மார்ட் மீன்பிடி', 'நீலப் பொருளாதாரம்' என்ற சொற்களும் கூடவே வந்தன. அந்த உற்சாகத்தோடுதான் எங்களுக்குச் சண்டை. இந்தக் கட்டுரை அதற்காக.

எங்கட கடலில் கிழிகிற வலை இழுவைமடி இல்லை. இழுவைமடியால் கிழிகிற வலை. இந்த ஒரு வித்தியாசத்தை விளங்காமல் சென்சரைப்பற்றிக் கதைப்பது, அடிவாங்கியவன் பக்கத்தில் கிடக்க, அடித்தவனின் கை நோகுதா என்று விசாரிப்பதுபோல.

நாங்கள் உடுவிலில் இருந்து எழுதுகிறோம். உடுவில் கரையோர ஊர் இல்லை. தோட்டமும் துறவும் படிப்பும் உள்ள ஊர். 1824இலேயே பெண்பிள்ளைகளுக்கு உறைவிடப் பள்ளிக்கூடம் கண்ட ஊர் என்று பெருமை பேசுகிற ஊர். ஆனால் வடக்கே மிதித்தாலும் தெற்கே மிதித்தாலும் சைக்கிளில் ஒரு மணித்தியாலத்துக்குள் கடலோ கடனீரேரியோ வந்துவிடும். அங்கே பிடிபடுகிற நண்டும் இறாலும் கணவாயும் சுன்னாகம் சந்தைக்கு வரும், அங்கிருந்து எங்கட சட்டிக்கு வரும். இந்தத் தூரத்துக்குள்தான் ஒரு பெரிய மௌனம் இருக்கிறது. வெங்காயத்துக்கு விலை விழுந்தால் ஊரே கதைக்கும். நிலத்தடி நீரில் கழிவெண்ணெய் என்றபோது சுன்னாகத்திலிருந்து ஊர்வலமே போனது. வலை அறுந்தால் மட்டும் அது "கரைப்பக்கத்து ஆக்களின்ர பிரச்சினை." இந்தச் சொல்லில் எவ்வளவு தூரம், எவ்வளவு சாதி என்று எல்லோருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சரி, வலை எப்படி அறுகிறது?

பாக்கு நீரிணையின் இந்தப் பக்கத்தில் பெரும்பாலானவர்கள் வெளியிணைப்பு எஞ்சின் பூட்டிய சிறிய பைபர் படகில் தொழில் செய்கிறவர்கள். பின்னேரம் போய், வலையைக் கடலில் விரித்து, மிதப்பும் கொடியும் கட்டிவிட்டு, விடிய முன்னம் போய்த் தூக்குவார்கள். வலை அசையாமல் நிற்கும், மீன் வந்து படும். இழுவைமடி நேர்மாறானது. அது கடலடியை வாரிக்கொண்டு ஓடும். கீழ்விளிம்பில் பாரமான கயிறோ சங்கிலியோ இருக்கும், பலகைகள் நிலத்தை உழும். இரவில் அந்த மடி ஒருவர் விரித்த வலைக்கு மேலால் போனால் வலை சுருண்டு மடியோடு போகும், அல்லது துண்டுதுண்டாக மிதக்கும். விடிய வருகிறவர் மிதப்பைத் தேடுவார். மிதப்பே இராது.

இங்கேதான் சென்சர் கதையின் உண்மை முகம். தொன்கணக்கில் விசையோடு ஓடுகிற மடியில் ஒரு நைலோன் வலை வந்து சிக்கினால் வடத்தில் என்ன மாற்றம் தெரியும்? பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பாறை தெரியும். தன் கிழிசல் தெரியும். இன்னொருவரின் மூன்று மாத உழைப்பு வந்து சிக்கியது தெரியாது. அந்தக் கருவி கெட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. அது யாருடைய நட்டத்தை அளக்கக் காசு கொடுத்து வாங்கப்பட்டதோ அந்த நட்டத்தை மட்டும் அளக்கிறது என்கிறோம். மடிக்கு முதலாளி இருக்கிறார், முதலாளிக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது, அந்தக் கணக்குக்கு ஏற்ற சென்சர் சந்தையில் இருக்கிறது. கடலடிப் புல்லுக்கு முதலாளி இல்லை. கடன்பட்டு வலை வாங்கியவரிடம் சென்சர் வாங்கக் காசில்லை.

வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். அப்போதுதான் "தொழில்நுட்பம் வந்தால் முன்னேறலாம்" என்ற வசனம் எங்களுக்குப் புதிசில்லை என்று விளங்கும். 1952இல் இந்தியாவும் நோர்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஒப்பந்தம் செய்து, கேரளாவின் நீண்டகரைப் பக்கத்தில் மீன்பிடி அபிவிருத்தித் திட்டம் தொடங்கினார்கள். ஏழை மீனவர் வாழ்வை உயர்த்துவதுதான் நோக்கம் என்றார்கள். அந்த விசைப்படகுப் பாதையில்தான் இழுவைமடி இந்தியக் கரைகளில் பரவியது. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது. தமிழ்நாட்டிலும் அறுபது எழுபதுகளில் அரசு மானியத்தோடு விசைப்படகுகள் பெருகின. அந்தக் கரையின் நாட்டுப்படகுக்காரர்தான் முதலில் அடிவாங்கினார்கள், அவர்களின் வலைதான் முதலில் அறுந்தது. சண்டை முற்றியதால் பாக்கு நீரிணைப் பக்கத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று பிரித்தார்கள். 1983இல் தமிழ்நாட்டில் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக்கூடாது என்று.

அந்தத் திங்கள், புதன், சனி எங்கட கரையிலும் எல்லோருக்கும் மனப்பாடம். அந்த இரவுகளில் வலை விரிக்கப் பயந்து வீட்டில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ராமேஸ்வரத்தில் போட்ட நாள்கணக்கு, எல்லைக்கு இங்கால் உள்ள மனிதரின் சம்பள நாளைத் தீர்மானிக்கிறது. 1974இலும் 1976இலும் இரண்டு அரசுகளும் கடலில் கோடு கீறின. கோட்டைப்பற்றி எங்களுக்கும் கேள்விகள் உண்டு. ஆனால் கோட்டை எங்கே கீறினாலும், பத்துப் பதினைந்து மீற்றர் ஆழமுள்ள ஒரு கடலின் அடியை வருஷக்கணக்காக வாரினால் அது எந்தப் பக்கத்தில் இருந்தாலும் பாழ்தான். தங்கள் பக்கம் வாரி முடிந்தபடியால்தான் இந்தப் பக்கம் வருகிறார்கள். போர்க்காலத்தில் எங்கட ஆக்களைக் கடலில் இறங்கவிடாமல் பாஸ் நடைமுறையும் தடையும் வைத்திருந்தார்கள். 2009க்குப் பிறகு அவர்கள் வலையோடு திரும்பிப் போனபோது கடல் ஏற்கெனவே வேறு ஆக்களின் கையில் இருந்தது.

இனி, எங்களுக்கு எதிராகச் சொல்லப்படுகிற நாலு வாதங்களை எடுப்போம்.

முதலாவது: "அவையளும் தமிழர்தானே. தொப்புள்கொடி உறவு. இதைப் பெரிசுபடுத்தினால் கொழும்புக்குத்தான் இலாபம்." இந்த வாதத்தைச் சொல்கிறவர்களில் வலை அறுந்தவரை நாங்கள் இன்னும் காணவில்லை. உறவு என்றால் வலை அறுந்தவரின் பேச்சையும் கேட்கவேண்டும். அக்கரையில் கைதாகிறவர்களில் பெரும்பாலானோர் நாள்கூலிக்கும் பங்குக்கும் வேலைக்குப் போனவர்கள், படகின் முதலாளி கரையில் இருப்பார் என்பதும் எங்களுக்குத் தெரியும். கடற்படை அவர்களைச் சுட்டதையும் அடித்ததையும் எந்தக் காரணத்தாலும் நாங்கள் ஞாயப்படுத்தமாட்டோம். எங்கட மீனவரை அடித்த அதே கைதான் அது. ஆனால் அந்தக் கூலித் தொழிலாளியின் கண்ணீரை முன்னே பிடித்துக்கொண்டு முதலாளியின் மடியை ஒளிக்கிற வேலையை நாங்கள் செய்யமாட்டோம். உறவு இருக்கவேண்டியது நெடுந்தீவின் சிறுபடகுக்காரருக்கும் பாம்பனின் நாட்டுப்படகுக்காரருக்கும் இடையில். இரண்டு பேரின் வலையையும் அறுத்தது ஒரே மடி.

கொழும்புக்கு இலாபம் என்ற பயம் உண்மையானதுதான். மூன்று பத்தாண்டு எங்கட கடலை மூடிவைத்த அரசு, திடீரென்று வடபகுதி மீனவருக்காக உருகுவதைப் பார்க்க எங்களுக்கும் சிரிப்பு வரும். அதற்கு மருந்து மௌனம் இல்லை. நாங்கள் வாயை மூடினால் அந்த இடத்தில் வேறு யாரோ எங்கட ஆக்களுக்காகப் பேசுவார்கள். அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது: "குருநகரிலும் வல்வெட்டித்துறையிலும் பேசாலையிலும் எங்கட ஆக்களே இழுவைமடி போடுகினம். அவையளும் ஏழையள்தானே." ஓம், போடுகிறார்கள். இதை மறைத்துவிட்டு இந்தியப் படகை மட்டும் திட்டுகிறவர்களோடும் நாங்கள் இல்லை. சட்டம் இரண்டையும் ஒன்றாகத்தான் பார்க்கிறது. 2017 யூலையில் இலங்கைப் பாராளுமன்றம் கடற்றொழில் சட்டத்தைத் திருத்தி இழுவைமடியைத் தடைசெய்தது. இரண்டு வருஷம் வரை சிறை, 50,000 ரூபா தண்டம். எம். ஏ. சுமந்திரன் தனிநபர் பிரேரணையாகக் கொண்டுவந்து தொடக்கிவைத்த முயற்சி அது. சட்டம் வந்துவிட்டது. தொழிலை மாற்ற அவர்களுக்கு என்ன கிடைத்தது? புதுப் படகு, புது வலை, இடைக்கால வருமானம், கடன் தள்ளுபடி என்று ஒழுங்கான ஒரு திட்டத்தை யாரும் அந்தக் கரைகளில் வைக்கவில்லை. தடை மட்டும் போட்டுவிட்டுக் கைகழுவினால் ஏழை ஏழையோடு மோதுவதுதான் மிச்சம்.

உலகத்தில் இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இந்தோனேசியா 1980இலேயே ஜனாதிபதி ஆணை மூலம் இழுவைப் படகுகளை நிறுத்தத் தொடங்கியது. காரணம் சிறு மீனவருக்கும் இழுவைப் படகுக்கும் கடலில் நடந்த மோதல். ஹொங்கொங் 2012 கடைசி நாளோடு தன் கடலில் இழுவைமடியைத் தடைசெய்தது. அங்கே அரசு படகுகளை விலைகொடுத்து வாங்கியது, உதவிப்பணம் கொடுத்தது. குருநகருக்கும் பேசாலைக்கும் ஏன் அது முடியாது என்று கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. இந்தியாவும் 2017இல் பாக்கு நீரிணை விசைப்படகுகள் 2,000ஐ மூன்று வருஷத்தில் ஆழ்கடல் படகுகளாக மாற்றுவோம் என்று திட்டம் போட்டது. ஒரு படகுக்கு 80 இலட்சம் இந்திய ரூபா, அதில் 70 வீதம் அரசுகளின் பங்கு. சொன்ன காலத்தில் சொன்ன எண்ணிக்கையின் கிட்டவும் போகவில்லை. ஆழ்கடல் என்பது வேறு தொழில், வேறு பழக்கம், நாள்கணக்காகக் கடலில் கிடக்கவேண்டிய வேலை. கரையில் இருப்பவர்களோடு இருந்து கதைக்காமல் தலைநகரத்தில் எழுதிய திட்டங்களுக்கு வழமையாக என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

மூன்றாவது வாதம்தான் எங்கட வயதுக்காரரிடம் அதிகம்: "இழுவைமடியை நிற்பாட்ட ஏலாது. சென்சர் போட்டுத் திருத்தலாம். நிலத்தில் படாமல் ஓடுகிற பலகை, குறைந்த டீசல், கிழிந்தால் உடனே தெரிகிற மடி, சுற்றாடலுக்கும் நல்லதுதானே?" வட அத்திலாந்திக்கில், நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்தில், ஒதுக்கீட்டுக் கணக்குக்குள் மீன்பிடிக்கிற பெரிய கப்பலுக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தலாம். அங்கேயும் கடலடி பற்றிய விவாதம் முடியவில்லை. இங்கே? கடலடிப் புல்லும் இறால் குஞ்சும் நண்டும் ஆவுளியாவும் இருக்கிற ஆழமற்ற தொட்டி இது. 2022இல் தமிழ்நாடு அரசே பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரை ஆவுளியாப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியா தின்பது கடற்புல்லை. அந்தப் புல்லை வேரோடு பிடுங்குவது எது என்று அறிவித்தவர்களுக்குத் தெரியாதா?

திருத்தப்பட்ட மடி என்றால் என்ன? கிழிசலை உடனே அறிந்து, உடனே தைத்து, மறுபடி உடனே இறங்குகிற மடி. ஒரு இரவில் வீணாகிற மணித்தியாலம் குறையும். அதாவது கடலடியை வாரும் மணித்தியாலம் கூடும். தடைசெய்யப்பட்ட ஒரு தொழிலின் செலவைக் குறைத்துக் கொடுப்பதற்குப் பெயர் சுற்றாடல் நன்மை இல்லை.

நாலாவது: "நீங்கள் கலைப்பீடம். உங்களுக்கு சென்சரைப்பற்றி என்ன தெரியும்?" வடத்தின் விசையை எந்த அலகில் அளப்பது என்பதைப் பொறியியல் பீடத்தவர் எங்களுக்குச் சொல்லித்தரட்டும், கேட்போம். ஆனால் எதை அளப்பது, யாருக்காக அளப்பது, அளந்ததை யார் வைத்திருப்பது என்பவை பொறியியல் கேள்விகள் இல்லை. அவை அரசியல் கேள்விகள். அரசியலும் பொருளியலும் சமூகவியலும் படிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, கூப்பிடு தூரத்தில் நடக்கிற இந்தக் கணக்கை வாசிக்கத் தெரியாவிட்டால் அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், வேறொன்றுக்கும் உதவாது.

தொழில்நுட்பத்துக்கு நாங்கள் எதிரி இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். சென்சர் வேண்டும். ஆனால் மறுபக்கம் திருப்பி.

அது முடியாத காரியம் இல்லை என்பதற்கு எங்கட நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று 2015 சனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனை வாங்க மறுத்தது. ஏற்றுமதி அடிபட்டது. உடனே என்ன நடந்தது? ஆழ்கடலுக்குப் போகிற பலநாள் கலங்களில் செய்மதி மூலம் இடம்காட்டும் கருவிகள் பொருத்தப்பட்டன, பதிவேடுகள் வந்தன, கண்காணிப்பு நிலையம் இயங்கியது. 2016 நடுப்பகுதியில் தடை நீங்கியது. ஒன்றரை வருஷம்! பிரஸ்ஸல்ஸ் கேட்டால் ஒன்றரை வருஷத்தில் முடிகிற காரியம், மாதகல் கேட்டால் மட்டும் ஏன் பதினைந்து வருஷமாக முடியவில்லை?

இந்தியாவிலும் அதே கதை. 2024 ஓகஸ்டில் ஒரு இலட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பொண்டர் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கினார்கள். புயல் வந்தால் எச்சரிக்கும், ஆபத்தில் உதவி கேட்கலாம், கடல் எல்லையை நெருங்கினால் மாலுமிக்குச் சொல்லும். அருமையான விஷயம். அப்படியென்றால் எந்தப் படகு எந்த இரவு எங்கே நின்றது என்ற பதிவும் இருக்குமே? அந்தப் பதிவில் ஒரு பக்கத்தை வலை அறுந்தவர் பார்க்கலாமா? இதுதான் எங்கட கேள்வி. "தரவு" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்தத் தரவு யாருக்கு என்று யாரும் சொல்வதில்லை.

வலை அறுந்தவரின் இன்றைய நிலையை யோசித்துப் பாருங்கோ. பொலிசுக்குப் போகவேண்டும், கடற்றொழில் திணைக்களத்துக்குப் போகவேண்டும், சங்கத்தில் சொல்லவேண்டும். எந்தப் படகு? இருட்டில் தெரியவில்லை. எத்தனை மணிக்கு? தான் அங்கே இருக்கவில்லை. எந்த இடத்தில்? மிதப்பே இல்லை. சாட்சி? கடல். இப்படி ஒரு முறைப்பாட்டோடு எந்த அலுவலகத்தில் எவ்வளவு நேரம் நிற்க ஏலும்? ஒரு நாள் அலுவலகத்தில் நின்றால் ஒரு நாள் தொழில் போச்சு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது நினைவிருக்கும். அந்த எண்ணெயில்தான் சிறுபடகு எஞ்சின் ஓடுகிறது. கடன் எடுத்து வாங்கிய வலை, கடன் எடுத்து ஊற்றிய எண்ணெய், இரண்டும் ஒரே இரவில் போனவரிடம் "ஆதாரம் கொண்டுவாங்கோ" என்கிறது நாடு. மடிக்காரரிடமோ தன் மடி எங்கே, எப்போது, எந்தப் பக்கம் கிழிந்தது என்று நிமிஷக் கணக்கோடு சொல்கிற கருவி வாங்கக் கிடைக்கிறது. ஆதாரம் என்பதும் காசுள்ளவரின் சொத்தாகிவிட்டது.

ஆகவே எங்கட கோரிக்கைகள் இவை.

ஒன்று: இடம்காட்டும் கருவியைப் பொருத்தும் பொறுப்பும் செலவும் சிறுபடகுக்காரரின் தலையில் விழக்கூடாது. தீங்கு செய்யக்கூடிய கலம் எதுவோ அதில் கட்டாயமாகவேண்டும். "வலையில் ஜி.பி.எஸ். மிதப்புக் கட்டுங்கோ" என்று அறிவுரை சொல்லி முடிக்கிற பயிற்சிப் பட்டறைகள் எங்களுக்கு வேண்டாம். மிதப்புக்கு மானியம் தந்தால் நல்லது. ஆனால் அடிக்கிறவரை விட்டுவிட்டு அடிவாங்குகிறவருக்குத் தலைக்கவசம் விற்கிற வியாபாரமாக அது முடியக்கூடாது.

இரண்டு: அந்தப் பதிவுகள் கடற்படையின் அலமாரிக்குள் மட்டும் இருக்கக்கூடாது. எங்கட அனுபவத்தில் கண்காணிப்பு என்பது எப்போதும் எங்களைக் கண்காணிப்பதாகத்தான் முடிந்திருக்கிறது. வலை அறுந்த முறைப்பாடு வந்தால், அந்த இரவு அந்தப் பகுதியில் நின்ற கலங்களின் பதிவைக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் கேட்டுப் பெறும் வழி வேண்டும். அக்கரைச் சங்கங்களுக்கும் அதே உரிமை வேண்டும். அவர்களின் நாட்டுப்படகு வலையும் அறுகிறது.

மூன்று: நட்டஈடு படகு முதலாளியிடமிருந்து வரவேண்டும். சிறையில் கிடக்கும் கூலித் தொழிலாளியிடமிருந்து இல்லை. கைது செய்வது, படம் எடுப்பது, விடுவது, மறுபடி கைது செய்வது என்று நடக்கிற இந்த நாடகத்தில் வலை அறுந்தவரின் கைக்கு ஒரு சதமும் வருவதில்லை.

நாலு: உள்ளூர் இழுவைமடித் தொழிலாளருக்கு மாற்றுத் தொழில் திட்டம் வேண்டும், தடைச்சட்டத்தோடு சேர்த்து. அதை எழுதும் மேசையில் குருநகரும் பேசாலையும் இருக்கவேண்டும்.

ஐந்தாவது எங்களுக்கும் உங்களுக்கும். திருநெல்வேலியில் கலைப்பீடம் இருக்கிறது, கிளிநொச்சியில் பொறியியல் பீடம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் எத்தனை இறுதியாண்டு ஆய்வுகள் தூசி பிடிக்கின்றன! அறுந்த வலைகளுக்கு ஒரு பொதுப் பதிவேடு செய்ய என்ன வேண்டும்? திகதி, நேரம், இடம், வலையின் வகை, கண்ணி அளவு, வாங்கிய விலை, மிஞ்சிய துண்டின் படம். ஒரு கைத்தொலைபேசியும் சங்கத்தில் நம்பிக்கையான ஒரு ஆளும் போதும். ஒரு கரையில் ஒரு வருஷம் ஒழுங்காகச் செய்தால், "ஆதாரம் எங்கே?" என்று கேட்கிற அலுவலகத்தின் மேசையில் வைக்க ஒரு கட்டுத் தாள் இருக்கும். பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஆனால் இதை யாரும் விற்கமாட்டார்கள், இதில் இலாபம் இல்லை. அதனால்தான் மாணவர் செய்யவேண்டும் என்கிறோம். பதிவு தொழிலாளரின் சொத்தாக அவர்களின் சங்கத்தில் இருக்கவேண்டும், எங்கட ஆய்வேட்டின் பின்னிணைப்பாக முடியக்கூடாது.

கரையில் இருப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. 2021 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை படகுகளில் போய், இழுவைமடித் தடைச்சட்டத்தை நடைமுறைப்படுத்து என்று கேட்டார்கள். 2022 தொடக்கத்தில் சுப்பர்மடத்தில் வீதியை மறித்துக் குந்தினார்கள். அப்போது உடுவிலில், சுன்னாகத்தில், மானிப்பாயில் எத்தனை கடை பூட்டியது? எத்தனை வாசிகசாலையில் கூட்டம் நடந்தது? அடுத்த முறை அவர்கள் கடலுக்குள்ளால் போகும்போது நாங்கள் தரைக்குள்ளால் போவோம். அதற்கு முதல், வாற மாதம் எங்கட வாசிப்பு வட்டம் மாதகலில் கூடுகிறது, மண்டபத்தில் இல்லை, வலை தைக்கிற இடத்தில். இந்தக் கட்டுரையோடு உடன்படாதவர்களும் வாங்கோ. சண்டை பிடிப்பதென்றாலும் கிழிந்த வலையைக் கையில் பிடித்துப் பார்த்தபிறகு பிடிப்போம்.